பிரயோங் அக்கா கையால் எழுதிய வரி

எங்கள் வட்டாரத்தில் இருபத்திரண்டு வருஷம் கல் தூசியால் ஓர் ஆள்கூடச் சாகவில்லை. சுண்ணாம்புக் குன்றைச் சுற்றி ஏழு கல் அரைக்கும் ஆலைகள். காலையில் கூரையைப் பெருக்கினால் மத்தியானம் மறுபடி வெள்ளை. கறுப்பு நாய் வளர்க்கிறவனுக்கே தன் நாய் எது என்று தெரியாது. ஆனால் செத்தவர்களுக்கெல்லாம் ஒன்று இதயம் நின்றது, இல்லையென்றால் வயது முதிர்ந்தது. நாற்பத்தோரு வயதில் வயது முதிர்ந்து செத்தவர்கள் எங்கள் பான் ஹின்காவ் கிராமத்தில் உண்டு. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் சாவு விழுந்தால் கிராமத் தலைவர் வட்டார அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுவார். அவர் வாயில் என்ன வருகிறதோ அதுதான் காரணம். அதை இறப்புச் சான்றிதழில் தட்டச்சு செய்தவர் பிரயோங் அக்கா. மெலிந்த உடம்பு, கழுத்தோடு வெட்டிய முடி, கொதிக்கிற வெயிலிலும் பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை. அலுவலக மின்விசிறி நேராகத் தன் முதுகில்தான் அடிக்கும் என்பார். மத்தியானச் சாப்பாட்டை அடுக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து, பின்பக்கம் புளியமரத்தடியில் தனியாகச் சாப்பிடுவார். புருஷன் புன்லெர்த் குன்றில் பாறைக்குத் துளை போடுகிறவர். நாற்பத்து நாலு வயதில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. புருஷன் போன பிறகும் அக்கா அதே நாற்காலியில் ஒன்பது வருஷம் தட்டிவிட்டு, ஐம்பது வயதில் திடீரென்று வேலையை விட்டார். கண் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தாராம். அந்தக் கண்தான் பிறகு என் மெய்ப்புத் தாளில் காணாமல் போன ஒரு புள்ளியைக்கூட விடாமல் பிடித்தது.

நான் விராட். வட்டாரத் தலைநகரில் அப்போது இருந்த ஒரே அச்சகம் என்னுடையது. கல்யாணப் பத்திரிகை, நாட்காட்டி, தகனப் புத்தகம், எல்லாம் அடிப்பேன். தகனப் புத்தகம் என்றால், பிணத்துக்குத் தீ வைக்கிற அன்று வந்தவர்கள் கையில் கொடுத்து அனுப்புகிற புத்தகம். செத்தவர் படம், வாழ்க்கைக் குறிப்பு, கொஞ்சம் தர்ம உபதேசம், அவருக்குப் பிடித்த சாப்பாட்டின் செய்முறை. பணக்காரனுக்கு எண்பது பக்கம், இல்லாதவனுக்கு எட்டு. வாழ்க்கைக் குறிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான்: அன்பானவர், பொறுமைசாலி, கோயிலுக்குக் கொடுத்தவர். குடித்துவிட்டு மாமியாரை வயல் வரை துரத்தியவனுக்கும் அதே வரிதான் போட்டேன். பெயரை மட்டும் மாற்றுவேன். யாரும் படிப்பதில்லை என்ற தைரியம்.

வேலையை விட்ட மறு மாதம் அக்கா குடையோடு என் கடைக்கு வந்தார். ஆலையில் சல்லடை பிடித்த லமாய் என்ற பெண் செத்திருந்தாள். ஊரே சப்புக்கொட்டுகிற மிளகாய்த் துவையல் செய்கிறவள். அவள் வீட்டார் சார்பில் எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். படித்துப் பார்த்தேன்.

"அக்கா, துவையல் செய்முறைல தூசி எதுக்கு?"

"அவ அப்படித்தான் செஞ்சா. காலைல ஏழு மணிக்குள்ள மிளகாய வறுத்து முடிச்சிடுவா. அதுக்கப்புறம் ஆலை ஓட ஆரம்பிச்சிடும்ல?"

"இருந்தாலும் புத்தகத்துல போயி…"

"ஈரத்துணியால சட்டிய மூடணும்னு எழுதலேன்னா, படிச்சுட்டுச் செய்யறவங்களுக்கு வாய்ல மண்ணு கடிக்கும். அப்புறம் லமாய் கைய குத்தம் சொல்லுவாங்க. செத்தவளுக்கு அந்தப் பேரு வேணுமா?"

அடித்துக் கொடுத்தேன். 'ஈரத்துணி இரண்டு வேண்டும். ஒன்று சட்டிக்கு, ஒன்று செய்கிறவர் மூக்குக்கு. லமாய்க்கு ஒரு துணிதான் இருந்தது. அதைச் சட்டிக்குப் போட்டாள்' என்று அந்தச் செய்முறை முடியும். தகனத்தன்று அதைப் படித்துவிட்டுப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

அதிலிருந்து செத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் அக்கா தானாகப் போக ஆரம்பித்தார். பாயில் உட்கார்ந்து கேட்பார். எத்தனை வயதில் வேலைக்குப் போனார், எந்த வருஷம் பாடுவதை நிறுத்தினார், தூக்கத்தில் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார். ஆலை என்ற சொல் அவர் எழுத்தில் வரவே வராது. யாரையும் குற்றம் சொன்னதில்லை, ஒரு வசவு இல்லை. குன்றின் மேல் இருக்கிற கோயிலுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. வருஷத்துக்கு ஒரு நாள் எல்லோரும் மெழுகுவத்தி ஏந்தி ஏறுவோம். அவர் அதைத்தான் எழுதுவார்: 'முப்பத்தாறு வயதில் ஒரே மூச்சில் ஏறினார். நாற்பதில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். நாற்பத்திரண்டில் கீழேயே நின்று மேலே பார்த்துக் கும்பிட்டார்.' அவ்வளவுதான். அடுத்த பக்கம் தர்ம உபதேசம்.

அவர் பிடித்த இடம் சரியான இடம். நோட்டீஸ் அடித்து ஒட்டியிருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிழித்திருப்பார்கள். பத்திரிகைக்கு எழுதியிருந்தால் மறுநாள் அதில் பொரித்த வாழைப்பழம் மடித்திருப்பார்கள். தகனப் புத்தகத்தை எவன் கிழிப்பான்? உள்ளே செத்தவர் படம் இருக்கிறது. தாண்டக் கூடாது, தரையில் வைக்கக் கூடாது, தூக்கிப் போட்டால் பாவம். எல்லார் வீட்டிலும் உயரமான பலகையில் அடுக்கிக்கொண்டே போனார்கள். தகனத்துக்குத் தலைமை தாங்க வருகிறவர் ஆலை முதலாளி அம்னுவாய். அவருக்குத்தான் மரியாதையாக முதல் பிரதி. அவர் வீட்டுப் பலகையில் எத்தனை சேர்ந்திருக்கும் என்று நானும் அக்காவும் ஒரு நாள் கணக்குப் பார்த்தோம். பதினேழு.

"படிச்சிருப்பாருங்கறீங்க?" என்றேன்.

"படிக்கலேன்னாலும் தூசி தட்டணும்ல" என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தூசி என்று ஒரு தாளிலாவது காரணம் எழுதப்பட வேண்டும். எழுதிவிட்டால் தண்ணீர் தெளிப்பார்கள், சல்லடைக்கு மூடி போடுவார்கள், மிச்சம் இருக்கிறவர்கள் பிழைப்பார்கள். இதை அவர் மேடை போட்டுச் சொன்னதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை என் கடையில் தேநீர் குடிக்கும்போது, வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு, கடைச் சாமான் பட்டியல் சொல்வதுபோலச் சொன்னார்.

ஊர் அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது என்று நினைத்தால் அது உங்கள் தவறு. ஆலையை விட்டால் பிழைப்பு இல்லை. தேநீர்க் கடைக்காரி முகத்துக்கு நேரே கேட்டாள்.

"அக்கா புண்ணியத்துல எல்லாம் மூடிட்டான்னா, நாங்க கல்லத் தின்னவா?"

சாவு வீட்டில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தால் அவர் பாயில் இடம் காலியாக இருக்கும். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அடுத்த புத்தகம் நமக்குத்தான் என்று ஒரு பயம். ஒருமுறை கிராமத் தலைவர், பத்துப் பேர் கேட்கும்படி, வம்பு இழுத்தார்.

"என்ன பிரயோங், எனக்கும் இப்பவே எழுதி வச்சிட்டியா? எத்தனை படி ஏறறேன்னு எண்ணிக்கிட்டிருக்கியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "நீங்க போன வருஷமே ஏறல தலைவரே" என்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் வம்பு பேசக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. என் கடைக்கு மட்டும் செவ்வாய்தோறும் வருவார். வேலை இல்லாவிட்டாலும் வருவார். 'ஒரு சந்தேகம்' என்று ஏதாவது பழைய நாட்காட்டியைப் புரட்டுவார். அவருக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை, பேச ஆள் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இயந்திரச் சத்தத்தில் காது கேட்காதவன் மாதிரி இருப்பேன். வீட்டில் அவரோடு பேசுவதற்கு ஒரு மஞ்சள் சுவர்ப் பல்லியைத் தவிர வேறு யாரும் இல்லை.

இனி நான் செய்த காரியம். மறைக்க ஒன்றும் இல்லை.

தவீ என்று ஒருவன், முப்பத்தெட்டு வயது, அம்னுவாயின் ஆலையில் அரைக்கும் இயந்திரத்துக்குள் கல் கொட்டுகிற இடத்தில் நின்றவன். அவன் செத்தபோது தகனச் செலவு முழுவதையும் முதலாளி ஏற்றுக்கொண்டார். இருநூறு புத்தகமும் அவர் உபயம். தவீயின் மனைவி சங்வான் எழுத்து வேலையை மட்டும் பிரயோங் அக்காவிடம் காதும் காதும் வைத்தாற்போலக் கொடுத்துவிட்டாள். அக்கா எழுதியது இது: 'கடைசி மூன்று வருஷம் உட்கார்ந்தபடியே தூங்கினார். படுத்தால் மூச்சு வரவில்லை. பத்தொன்பது வருஷம் கல் தூசியில் வேலை செய்தார். அதுதான் அவரைக் கொன்றது.' முதல் தடவையாகக் காரணத்தை நேராக எழுதியிருந்தார். இன்னும் படிக்கட்டை எண்ணிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை போலிருக்கிறது.

தகனத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஆலை மேலாளர் வந்தார். ஆலையின் அடுத்த வருஷ நாட்காட்டி மூவாயிரம் பிரதி அடிக்கச் சொல்லிப் படம் தேர்ந்தெடுத்தார். போகிறபோது, "தவீ புத்தகத்துல ஏடாகூடமா ஒண்ணும் இல்லியே?" என்றார். பல்லைக் காட்டிக்கொண்டு "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். அவர் வண்டி திரும்பியதும் அந்த நான்கு வாக்கியத்தையும் எடுத்துவிட்டு, 'சில காலம் உடல்நலம் குன்றியிருந்தார்' என்று போட்டேன். எனக்கு அப்போது பெரிய குற்றமாகத் தெரியவில்லை. நாலே நாலு வாக்கியம்தானே என்று இருந்தேன்.

தகன நாள் மத்தியானம் ஒரு மணிக்குப் புத்தகக் கட்டுகளைக் கோயில் மண்டபத்து மேசையில் இறக்கினேன். தீ வைப்பது நாலு மணிக்கு. அக்கா ஒரு பிரதியை எடுத்து ஐந்தாம் பக்கத்தைத் திறந்தார். படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார். ஐந்தாம் பக்கத்தின் அடியில், வெற்றிடத்தில், அந்த நான்கு வாக்கியத்தையும் எழுதினார். மூடி வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

பூ கட்டுகிற பெண்கள் ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். பெரிய பிக்கு வந்து நின்று பார்த்துவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். யாரும் உட்காரவில்லை. யாரும் இன்னொரு பேனா எடுக்கவில்லை. நான் என் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு மூன்று மணிநேரம் அதைப் பார்த்தேன். நடுவில் ஒருமுறை கையை உதறிக்கொண்டார், பேனா மாற்றினார். என்னிடம் சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது.

நாலு மணிக்குத் தகன மேடையில் சந்தனச் சீவலில் செய்த பூவை வைத்துவிட்டு இறங்கியவர்கள் ஆளுக்கொரு புத்தகம் வாங்கினார்கள். நான் ஏற்கெனவே சொன்னேனே, தகனப் புத்தகத்தில் வாழ்க்கைக் குறிப்பை எங்கள் ஊரில் யாரும் படிப்பதில்லை. ஆனால் அச்சுக்கு நடுவே நீல மையில் கையெழுத்து இருந்தால்? ஒவ்வொருவரும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார்கள், அந்த வரியைத்தான் படித்தார்கள். நான் அச்சடித்திருந்தால் பத்துப் பேர்கூடப் படித்திருக்க மாட்டார்கள். முதலாளி அம்னுவாய் தன் பிரதியைப் படித்தார், மூடினார், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காருக்குப் போனார். வேறென்ன செய்வார், அங்கே போட்டுவிட்டா போக முடியும்?

சங்வானின் தங்கை மாகாண ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் தன் பிரதியை நெஞ்சு நோய் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். 'இதை யார் கையால் எழுதியது?' என்று கேட்டு அந்த டாக்டர் ஒரு சனிக்கிழமை வந்து இறங்கினார். கோயில் அலமாரியைத் திறக்கச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் அக்கா எழுதியது முப்பத்து நாலு புத்தகம். டாக்டர் வயது, வேலை செய்த வருஷம், எத்தனை படியில் உட்கார்ந்தார், எல்லாவற்றையும் வரிசையாக நோட்டில் குறித்தார். "என் வேலையை ஏற்கெனவே யாரோ முடிச்சு வச்சிருக்காங்களே" என்றாராம். பிறகு எக்ஸ்ரே படம் எடுக்கிற வண்டி வந்தது. நாற்பத்தாறு பேர் நுரையீரலில் நிழல். மாகாணத்திலிருந்து உத்தரவு வந்தது, ஆலைகளுக்குத் தண்ணீர்க் குழாயும் மூடியும் வர இன்னும் பதினோரு மாதம் ஆயிற்று, அதற்குள் இரண்டு தகனம் நடந்தது. ஒரு ஆலையும் மூடவில்லை. அக்காவிடம் யாரும் வந்து நன்றியும் சொல்லவில்லை. ஒதுங்கிப் பழகிவிட்டார்கள், அதை மாற்றிக்கொள்ள வெட்கமாக இருந்திருக்கும்.

அவர் என்னை என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். தவீயின் தகனம் முடிந்த அடுத்த செவ்வாயே புதுக் கையெழுத்துப் பிரதியோடு வந்தார்.

"விராட், இந்தத் தடவை அடில இன்னும் கொஞ்சம் எடம் விட்டு அடி."

நான் தலையைக் குனிந்துகொண்டு இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டேன்.

வட்டார அலுவலகத்தில் முதல் முறையாக 'கல் தூசி நுரையீரல் நோய்' என்று சான்றிதழ் எழுதினார்கள். செத்தவர் வீட்டு ஆள் நகல் எடுக்க என் கடைக்குக் கொண்டுவந்தபோது அக்கா இருந்தார். நான் ஓடிப் போய் நீட்டினேன்.

"எழுதிட்டாங்க அக்கா! பாருங்க, தட்டச்சுல!"

வாங்கிப் பார்த்தார். காரணம் போடுகிற கட்டத்தைக் கட்டைவிரலால் தடவினார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப் போயிற்று.

"இந்தக் கட்டம் பெருசுதான், இல்ல?" என்றார். "எவ்வளவு வேணா எழுதலாம்."

தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எழுபத்து மூன்றாவது வயதில், குளிர்காலத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனார். இதயம்தான், உண்மையாகவே. பெரிய பிக்கு என் கையில் ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே ஒரு புத்தகத்துக்கான கையெழுத்துப் பிரதி. அக்காவின் படம் இல்லை, அக்காவின் பெயரும் மேலட்டையில் இல்லை. அவர் புருஷன் புன்லெர்த்துக்கு அது. செத்து முப்பத்திரண்டு வருஷம் கழித்து, தன் தகனத்தில் இருநூறு பேருக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். புன்லெர்த் விசில் அடித்தபடி சைக்கிள் ஓட்டுவது, முட்டைப் பொரியலில் சர்க்கரை கேட்பது, எந்த வருஷம் விசில் நின்றது என்பது வரை எல்லாம் இருந்தது. எட்டாம் பக்கத்தின் அடியில் நான்கு விரல்கடை வெற்றிடம். தனித் தாளில் எனக்கு ஒரு குறிப்பு:

'விராட், இந்த இடத்தில் அச்சடிக்காதே. கீழே உள்ளதை ஒவ்வொரு பிரதியிலும் கையால் எழுது. எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும்.'

தகனத்தன்று ஒரு மணிக்கே போய் அதே மேசையில் உட்கார்ந்தேன். அதே நீல மை. பூ கட்டுகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அடிக்கடி வாசல் பக்கம் பார்த்தேன். யாராவது நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்காதா என்று இருந்தது. அறுபதாவது பிரதியில் விரல் மரத்துவிட்டது. அந்த மூன்று மணிநேரம் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் எழுதியது இதுதான்:

'இவர் கல் தூசியால் செத்தார். சான்றிதழில் இதயம் நின்றது என்று இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்தது நான், இவர் மனைவி. எனக்குத் தெரியும். எழுத இடமும் இருந்தது. வேலைக்குப் பயந்து எழுதவில்லை.'

இருநூறு தடவை எழுதினேன். நூறு தாண்டிய பிறகு அந்த 'நான்' என்கிற சொல்லை எழுதும்போதெல்லாம் என் மூவாயிரம் நாட்காட்டி ஞாபகம் வந்தது. அழுதேன். மை கலைந்த பிரதிகளைத் துடைத்து மறுபடி எழுதினேன்.

நாலு மணிக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர். சங்வான்தான் தீ வைத்தாள். மீதி நூற்று அறுபத்தொன்பது புத்தகம் என் கடையில் உயரமான பலகையில் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களுக்கும் ஒன்று கொடுத்து அனுப்புகிறேன். அபசகுனம் என்று முறைக்கிறார்கள். முறைக்கட்டும், வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் நான் இயந்திரத்தை ஓட்டுவதில்லை.